கையால் எழுதிய கோரிக்கை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் எளிமையானவை. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. இடையில் கிடக்கும் நீர்ப்பரப்பைக் கடக்கத் துறைகள் வேண்டியிருந்தன. மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, அங்கு வாழ்ந்த மக்களின் பயணமும் பண்டமும் கடிதமும் துறையையே நம்பியிருந்தன. படுவான்கரையில் வயல் செய்த விவசாயிக்கு நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், அது எந்தத் துறையில் ஏறி எந்தத் துறையில் இறங்கி யார் கையால் வந்தது என்பது அவனுக்குத் தெரியும். கடிதம் வராவிட்டால் எங்கே தங்கியது, யார் தடுத்தார் என்று கேட்கவும் அவனுக்குத் தெரியும்.

இன்று அதே கரையில் அவனுடைய பேரப்பிள்ளை கைத்தொலைபேசியின் கண்ணாடியை விரலால் தொடுகிறான். கடல் கடந்த ஊரின் செய்தி ஒரு நொடியில் அவன் முன் விரிகிறது. மகிழ வேண்டிய மாற்றமே இது. ஆயினும் ஒரு நாள் அச்செய்தி வராவிட்டால், எங்கே தங்கியது, யார் தடுத்தார் என்று கேட்க அவனுக்குத் தெரிவதில்லை. “நெற் இல்லை” என்பதோடு அவன் விசாரணை முடிந்துவிடுகிறது. பாட்டனுக்கு இருந்த ஓர் அறிவு பேரனிடம் இல்லை. இவ்விழப்பைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, இணையக் கோரிக்கை ஒன்றைக் கருவிகளின் துணையின்றி, எண் எண்ணாகக் கையால் கட்டி அனுப்பும் வேலை.

இணைய உலாவியில் ஒரு பக்கத்தை நாம் கேட்கும்போது நிகழ்வது யாது? உண்மையில் ஒரு கடிதம் எழுதப்படுகிறது. அக்கடிதத்தின் வடிவத்தை வகுத்தவர் ரிம் பேர்னேர்ஸ்-லீ. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் என்னும் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், உலகளாவிய வலை என்ற திட்டத்தை 1989 இல் முன்வைத்தார். 1991 அளவில் அவர் வகுத்த கோரிக்கை ஒரே ஒரு வரி: ‘கெற்’ என்ற ஆங்கில வினைச்சொல், ஓர் இடைவெளி, வேண்டிய ஆவணத்தின் முகவரி, வரிமுடிவு. அவ்வளவே. ‘கொடு’ என்று கேட்கும் ஒரு வரி. சாதாரண மனிதன் விசைப்பலகையில் தட்டி அனுப்பக்கூடிய வரி அது. 1993 ஏப்ரல் 30 ஆம் நாள் சேர்ண் நிலையம் அவ்வலையின் மென்பொருளை எவருக்கும் உரிமைக்கட்டணம் இன்றிப் பொதுச்சொத்தாக அறிவித்தது. இன்று பெருமுதலாளர் கைகளில் கோடிகளைக் குவிக்கும் வலை, பிறப்பில் பொதுவுடைமையாக வழங்கப்பட்டது என்பதை நம் மாணவர்கள் மறக்கலாகாது.

அக்கோரிக்கை எவ்வாறு எழுதப்படுகிறது என்று ஒரு மாலைப்பொழுதில் என் மாணவர் சிலருடன் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். கம்பியில் எழுத்துக்கள் செல்வதில்லை, எண்களே செல்கின்றன. 1963 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட குறியீட்டு அட்டவணைப்படி, ‘கெற்’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துக்களும் 71, 69, 84 ஆகும். இடைவெளிக்கு 32. முகவரியைத் தொடங்கும் சாய்கோட்டுக்கு 47. வரி முடிவில் 13, 10 என்ற இரண்டு எண்கள். ஏன் இரண்டு? பழைய தொலை அச்சுப்பொறியில் அச்சுத்தலையை இடப்பக்கம் திருப்புவது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலே நகர்த்துவது இன்னொரு வேலை. இரும்பாலான அப்பொறிகள் மறைந்துவிட்டன. அவற்றின் இரண்டு அசைவுகளும் நம் கைத்தொலைபேசி வரை பிழைத்து வந்திருக்கின்றன. 1858 இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே இலங்கையின் முதல் தந்திக்கம்பி ஓடியது. அக்கம்பியின் முனையில் இருந்து விசையைத் தட்டிய தொழிலாளியின் வழித்தோன்றலே இன்றைய கோரிக்கை. வானத்திலிருந்து குதித்தது எதுவும் இங்கே இல்லை. எல்லாம் மனித உழைப்பின் படிவுகள்.

வரிக்குப் பின் வேண்டிய இணையத்தலத்தின் பெயரைச் சொல்லும் வரி. அதன்பின் ஒரு வெற்று வரி, அதாவது மீண்டும் 13, 10. இவ்வெற்று வரியை விட்டுவிட்டால் மறுமுனையிலுள்ள சேவையகம் கடிதம் இன்னும் முடியவில்லை என்று காத்துக்கொண்டே இருக்கும். “கையெழுத்து வைக்காத மனுப்போல” என்றான் ஒரு மாணவன். சரியாகவே சொன்னான்.

அடுத்து, ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லைக் கோரிக்கையின் முகவரியில் எழுத முயன்றோம். இங்கேதான் வகுப்பில் முதல் அதிர்ச்சி ஏற்பட்டது. நம் இலக்கணப்படி அச்சொல்லில் எட்டு எழுத்துக்கள். 1991 இல் வெளிவந்த யூனிக்கோட்டு அட்டவணை மெய்யின் புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியே எண்ணுவதால் அவை 12 குறிகளாகின்றன. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற்று வீதம் 36 பைற்று. முகவரியில் இவற்றை அப்படியே எழுத விதி இடந்தராது. ஒவ்வொரு பைற்றையும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக மாற்ற வேண்டும். ஆக 108 குறிகள்! அதே ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பத்தே குறிகள். 2010 இல் ‘.இலங்கை’ என்ற தமிழ் முடிவுள்ள இணையப்பெயர் நமக்குக் கிடைத்தது. ஆனால் கம்பியில் அப்பெயரும் உரோம எழுத்து வேடம் பூண்டே செல்கிறது. இதனை எவரோ தமிழுக்கு எதிராகச் செய்த சதி என்று கூறுவது பேதைமை. அமெரிக்கத் தொலை அச்சுப்பொறியின் தேவைக்கு வகுத்த அட்டவணையின்மேல் உலகம் முழுவதும் மாடி கட்டியதன் விளைவு இது. ஆயினும் விதியை வகுக்கும் அவையில் யார் இருந்தார், யார் இல்லை என்பதற்கு இந்த 108 குறிகளும் சாட்சி. கையால் எழுதிப் பார்க்காதவன் இச்சாட்சியத்தைக் கேட்பதில்லை.

கடிதம் ஆயிற்று. இனி உறை வேண்டும். செய்தியைச் சிறு சிறு பொதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி, கிடைத்த வழியில் அனுப்பி, மறுமுனையில் வரிசைப்படுத்திக் கோக்கும் எண்ணம் 1960களில் இருவருக்குத் தனித்தனியே தோன்றியது. அமெரிக்காவில் போல் பரன், அணு யுத்தத்தில் சில நிலையங்கள் அழிந்தாலும் எஞ்சியவை பேசிக்கொள்ள வேண்டும் என்ற விமானப்படையின் தேவைக்காக ஆராய்ந்தார். பிரித்தானியாவில் டொனால்ட் டேவிஸ், பலர் ஒரு கணினியைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்காக ஆராய்ந்து, அதற்குப் ‘பொதி’ என்னும் பொருள்படும் பெயரையும் இட்டார். 1969 ஒக்டோபர் 29 ஆம் நாள் கலிபோர்னியாவில் இரண்டு கணினிகளுக்கிடையே முதற்செய்தி சென்றபோது, இரண்டு எழுத்துக்கள் சென்றதும் மறுமுனைக் கணினி விழுந்துவிட்டது. 1974 இல் வின்ற் சேர்ஃப், றொபேட் கான் என்னும் இருவர் பல்வேறு வலையமைப்புக்களை இணைக்கும் பொது ஒழுங்கை வெளியிட்டனர். 1983 ஜனவரி முதலாம் நாள் அவ்வழி வந்த ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. யுத்தத்தின் மடியில் பிறந்த குழந்தை பொதுமக்களின் வீதியில் வளர்ந்தது. விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய முரண்பாடு புதிதன்று.

அந்தப் பொதியின் உறையை இன்றும் நாம் கையால் எழுதலாம். முதல் உறை குறைந்தது 20 பைற்று. பெரும்பாலும் அதன் முதல் எண் 69. நான்காம் பதிப்பு என்பதற்கான நான்கைப் பதினாறால் பெருக்கி, உறையின் நீளம் நான்கு பைற்று கொண்ட ஐந்து துண்டுகள் என்பதற்கான ஐந்தைக் கூட்டினால் வருவது அவ்வெண். பின்னர் முழு நீளம், பொதியின் ஆயுள், உள்ளிருப்பது எவ்வகை என்பதைக் காட்டும் 6 என்ற எண், அனுப்புவோர் முகவரிக்கு நான்கு பைற்று, பெறுவோர் முகவரிக்கு நான்கு பைற்று. ‘ஆயுள்’ என்பது சிந்திக்கத்தக்கது. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. பூச்சியமானால் பொதி எறியப்படும். இல்லையெனில் வழி தவறிய பொதிகள் என்றென்றும் சுற்றித்திரிந்து வலையையே அடைத்துவிடும்.

உள்ளே இரண்டாம் உறை. அதுவும் குறைந்தது 20 பைற்று. அதில் இரு முனைகளுக்கும் துறை எண்கள் உண்டு. ஆம், நம் பாடநூல்கள் ‘துறை’ என்றே இதனை வழங்குகின்றன. இணையப் பக்கத்துக்குரிய பழைய துறை 80. வரிசை எண்ணும், கிடைத்ததை உறுதிப்படுத்தும் எண்ணும், சில ‘கொடி’களும், சரிபார்ப்புத் தொகையும் அவ்வுறையில் அடங்கும். சரிபார்ப்புத் தொகையைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். இவ்விரண்டு பைற்றாக எடுத்துக் கூட்டி, மிகுந்து வெளியேறும் ஒன்றை மீண்டும் கடைசியில் சேர்த்து, முடிவில் ஒவ்வொரு பிற்றையும் தலைகீழாக்க வேண்டும். ஓர் எண் பிசகினாலும் மறுமுனை பொதியை ஓசையின்றி எறிந்துவிடும். ஆனால் ஒன்று: இத்தொகை தவறுதலைக் கண்டுபிடிக்குமே தவிர வஞ்சகத்தைக் கண்டுபிடிக்காது. இடையில் இருந்து மாற்றுபவன் தொகையையும் மாற்றி எழுதிவிடலாம். இக்குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கோரிக்கையை அனுப்புமுன் இரு முனைகளும் மூன்று பொதிகளால் அறிமுகமாக வேண்டும். “என் எண் 1000 இல் தொடங்குகிறது” என்கிறோம் நாம். “கேட்டேன், 1001 ஐ எதிர்பார்க்கிறேன், என் எண் 5000” என்கிறது சேவையகம். “கேட்டேன், 5001 ஐ எதிர்பார்க்கிறேன்” என்கிறோம். இதன் பின்பே கோரிக்கை. இந்த வேலைக்கென ஃபிலிப் பியொண்டி என்ற பிரெஞ்சுக்காரர் 2003 இல் வெளியிட்ட ‘ஸ்காப்பி’ என்னும் இலவச மென்பொருள், உறையின் ஒவ்வொரு கட்டத்தையும் நாமே நிரப்ப இடந்தருகிறது.

இவ்வாறு முயல்வோர் அனைவரும் முதலில் ஒரு விசித்திரத்தைச் சந்திக்கின்றனர். முதற்பொதியை அனுப்புகிறோம். சேவையகம் மரியாதையாகப் பதில் அனுப்புகிறது. நாம் மூன்றாம் பொதியை எழுதி முடிப்பதற்குள் உரையாடல் அறுந்துவிடுகிறது! அறுத்தவர் யார்? நம் சொந்தக் கணினியே. அதன் பணிசெயல் முறைமை தன்னைக் கேளாமல் நாம் கையால் எழுதிய பொதியை அறியாது. ஆதலால், வந்த பதிலைக் கண்டதும் “இப்படி ஓர் உரையாடலை நான் தொடங்கவில்லை” என்று கூறி, முறிப்புக் கொடி ஏற்றிய ஒரு பொதியைத் தானாகவே அனுப்பிவிடுகிறது. அக்கொடி ஒரே ஒரு பிற்று. அது உயர்ந்தால் உரையாடல் முடிந்தது. வெளியே செல்லும் முறிப்புப் பொதிகளைத் தடுக்குமாறு நம் கணினிக்குக் கட்டளையிட்ட பின்னரே கையால் எழுதிய கோரிக்கைக்குப் பதில் வருகிறது.

ஒரு சிறு தொல்லை என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் இதிலிருந்து மாணவன் கற்பது பெரிது: உரையாடலை முறிக்க ஒரு கொடி போதும், அக்கொடியை ஏற்றியவர் மறுமுனையில் இருப்பவராகவே இருக்க வேண்டியதில்லை.

2006 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேற்றன், மேர்டொக், வொற்சன் ஆகிய மூவர் சீன எல்லையில் இணையக் கோரிக்கைகள் எவ்வாறு தடுக்கப்படுகின்றன என்று ஆராய்ந்தனர். தடைசெய்யப்பட்ட சொல் ஒன்று கோரிக்கையில் இருந்தால், இடையிலுள்ள பொறிகள் இரு முனைகளுக்கும் முறிப்புப் பொதிகளை அனுப்பின. ஒவ்வொரு முனையும் மற்ற முனையே பேச்சை முறித்துவிட்டதாக நம்பியது. அப்போலிப் பொதிகளை இரு முனைகளும் பொருட்படுத்தாது விட்டால் பக்கம் தடையின்றி வந்து சேர்ந்தது என்பதையும் அவர்கள் செய்து காட்டினர்.

இது ஓர் அரசின் செயல் மட்டுமா? இல்லை. சுதந்திரச் சந்தையின் தாயகத்திலும் இதுவே நடந்தது. 2007 இல் றொப் ரொபொல்ஸ்கி என்ற அமெரிக்கர், பதிப்புரிமை காலாவதியான பழைய பாடல்களை இணையத்தில் பகிர முயன்றபோது இணைப்பு மீண்டும் மீண்டும் அறுந்தது. அவர் பொதிகளைத் திறந்து பார்த்தார். முறிப்புக் கொடிகளை ஏற்றியது மறுமுனை அன்று, தாம் மாதந்தோறும் பணம் செலுத்தும் கொம்காஸ்ற் நிறுவனமே என்று கண்டு பகிரங்கப்படுத்தினார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஒரு செய்தி நிறுவனம் தானும் சோதித்து அதை உறுதிப்படுத்தியது. 2008 ஓகஸ்டில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2010 இல் நீதிமன்றம், ஆணைக்குழுவுக்கு அவ்வதிகாரம் இல்லை என்று அதனைத் தள்ளியது. இரண்டு பாடங்கள் இதில் உண்டு. பொதியைப் படிக்கத் தெரிந்த ஒரு தனிமனிதன் மாபெரும் கம்பனியின் மறைவான கையைப் பிடித்துக் காட்ட முடியும் என்பது ஒன்று. சட்டமும் அமைப்பும் துணை நிற்காவிடில் அறிவு மட்டும் வெற்றியை நிலைநிறுத்தாது என்பது மற்றொன்று.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2007 ஜூனில், யுத்தம் மூண்டிருந்த வேளையில், தமிழ்நெற் என்னும் செய்தித்தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்செயல் வெடித்தபோது சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நம் நகரின் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் உயிரிழந்த அந்த நாளில், உறவினரின் நலம் அறிய மக்கள் தவித்துக்கொண்டிருந்தபோதும் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் நாள், பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் வீதிக்கு வரவிருந்த வேளையில் மீண்டும் தடை. காரணங்கள் ஒன்றல்ல. வெறுப்புப் பேச்சு உயிரைக் குடிக்கும் என்பதை நாம் அறிவோம். கிழக்கு மண்ணுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் தடையின் தேவையை விவாதிக்கும் உரிமை, தடை எங்கே எவ்வாறு நிகழ்கிறது என்ற அறிவிலிருந்தே தொடங்குகிறது.

கையால் கோரிக்கை எழுதத் தெரிந்தவன் அதனைப் பிரித்தறிவான். பெயரைக் கேட்டபோதே பொய் முகவரி வந்ததா? முகவரி சரியாயிருந்தும் முதற்பொதிக்கே பதில் இல்லையா? அறிமுகம் நிறைவேறி, கோரிக்கை சென்ற பின் முறிப்புக் கொடி வந்ததா? மூன்றும் வெவ்வேறு இடத்தில் நிகழும் வெவ்வேறு செயல்கள். ‘ஊனி’ என்னும் பொதுநலத் திட்டம் 2012 முதல் பல நாடுகளின் தன்னார்வலரைக் கொண்டு இவ்வாறே அளந்து, முடிவுகளை எவரும் பார்க்குமாறு வெளியிட்டு வருகிறது.

இதற்கு எதிராகச் சில நியாயமான கேள்விகள் எழலாம். இன்று பெரும்பாலான பக்கங்கள் மறைகுறியாக்கப்பட்டே வருகின்றன. பழைய எண்பதாம் துறையில் கேட்டால் பாதுகாப்பான முகவரிக்குச் செல்லுமாறே பெரும்பாலும் பதில் வரும். கையால் எழுதுவதால் என்ன பயன்? கடிதம் மறைக்கப்பட்டாலும் அதனைச் சுமந்து செல்லும் பழைய உறையின் முகவரியும் துறையும் கொடியும் வெளிப்படையாகவே உள்ளன என்பது விடை. இன்னொரு கேள்வி: இவ்வறிவு தீயோருக்கும் பயன்படாதா? பயன்படும். 1996 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பானிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தை, பொய் முகவரியிட்ட முதற்பொதிகளை வெள்ளமாக அனுப்பி முடக்கினர். 2004 இல் மைக்றோசொவ்ற் நிறுவனம் பாதுகாப்பைக் காரணங்காட்டி, தன் விண்டோஸ் முறைமையில் இவ்வகைப் பொதிகளைக் கையால் அனுப்பும் வழியை ஒடுக்கியது. 1991 இல் தொடங்கிய லினக்ஸ் என்னும் இலவச முறைமையில், கணினியின் முழு அதிகாரம் உடையவருக்கு அவ்வழி இன்றும் திறந்தே இருக்கிறது. கத்தியைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கலாம். எழுத்தறிவை மறைத்தால் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருந்துவிடுவர். சொந்தக் கணினியிலும் அனுமதி பெற்ற சேவையகத்திலும் மட்டுமே பயிற்சி என்று ஒழுக்கத்தையும் சேர்த்தே கற்பிப்பது ஆசிரியரின் கடமை.

1892 இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளை நாம் தமிழறிஞராகவே பெரிதும் நினைவுகூர்கிறோம். அவர் விஞ்ஞானம் கற்று விஞ்ஞானம் கற்பித்தவர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். மறைந்த யாழை மீட்பதற்கு ஒலியியலையும் கணிதத்தையும் கையாண்டவர். கருவியைக் கண்டு வியந்து நிற்பதோடு அவர் நிறைவடையவில்லை. நரம்பு நரம்பாகக் கணக்கிட்டார். நம் பாடசாலைகளில் இன்று கணினி வந்திருக்கிறது. ஆனால் சாளரத்தைத் திற, படத்தை ஒட்டு, பொத்தானை அழுத்து என்ற அளவிலேயே பாடம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அது நுகர்வோரை உருவாக்கும் கல்வி. 71, 69, 84 என்று தொடங்கி ஒரு கோரிக்கையைக் கையால் எழுதி, மறுமுனையிலிருந்து பதில் வரக் கண்ட மாணவன் வலையை இனி மாயமாகக் கருதமாட்டான். மனிதர் கூடி வகுத்த விதி அது என்றும், ஆகவே மனிதர் கூடி மாற்றத்தக்கது என்றும் அறிவான்.

கோரிக்கை என்ற சொல்லுக்குத் தமிழில் வேண்டுதல் என்ற பொருள் மட்டும் இல்லை. உரிமை கேட்டு நிற்கும் தொழிலாளியின் கையிலுள்ள தாளுக்கும் அதுவே பெயர். அதை எழுதத் தெரிந்தவனே, அது எங்கே தடுக்கப்பட்டது என்று கேட்கவும் வல்லவன். படுவான்கரையின் பாட்டன் துறையில் நின்று கேட்ட கேள்வியைப் பேரன் எண்பதாம் துறையில் நின்று கேட்கட்டும். அதற்கு ஒரு கரும்பலகையும், பழைய கணினி ஒன்றும், ஆசிரியரின் ஒரு மாலைப்பொழுதும் போதும்.